சீ கிங் மாடலில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ரோட்டரைச் சுற்றிப் பார்ப்பதுதான். ஹெலிகாப்டர் மாடல்களுக்கு அதிகம் சேதம் நடப்பதும் அந்த ஒரு நிமிடத்தில்தான். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மாடலை வெளிச்சத்தில் வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டிஷ் கடற்படையின் வெஸ்ட்லாண்ட் சீ கிங்கை வைத்து. 1:72 அளவு, உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு, ரோட்டரும் ஆண்டெனாவும் பிளாஸ்டிக். வெசெக்ஸ், லிங்க்ஸ் போன்ற பிற ஹெலிகாப்டர் மாடல்கள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் சீ கிங்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1969 மே 7 அன்று முதல் விமானம் பறந்ததிலிருந்து 2018-இல் கடைசி ரகம் ஓய்வு பெறும் வரை கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அது கடற்படையில் இருந்தது. அதற்குள் பல ரகங்கள், பல உருவங்கள். ஒரு ரகத்தில் இருக்கும் பாகம் இன்னொன்றில் இருக்காது. அதனால் "உடைந்துவிட்டது", "பாகம் குறைகிறது" என்று நினைத்துப் பசையை எடுப்பவர்களில் பாதிப் பேர், சரியாக இருக்கும் மாடலைத்தான் கெடுக்கிறார்கள். நானும் அப்படிக் கெடுத்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: மென்மையான மேக்கப் தூரிகை, இயர் பட்ஸ், முனை மெல்லிய சாமணம், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, இரண்டு ட்யூபில் வரும் எபாக்சி, குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றை மேஜைக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

ரோட்டர் பிளேடுகள் கீழே தொங்குகின்றன

முதல் கேள்வி: மாடல் சக்கரத்தில் நிற்கிறதா, ஸ்டாண்டில் பறக்கிறதா?

சக்கரத்தில் நின்றால், லேசான தொங்கல் கோளாறே இல்லை. உண்மையான சீ கிங்கின் ரோட்டர் விட்டம் 18.9 மீட்டர். அவ்வளவு நீளமான பிளேடு சும்மா நிற்கும்போது தன் எடையிலேயே வளையும். சுழலத் தொடங்கினால்தான் மையவிலக்கு விசை அதை வெளியே இழுத்து நேராக்கும். எடையைத் தூக்கும்போது நுனிகள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். ஆகவே தரையில் நிற்கும் மாடலில் ஐந்து பிளேடும் ஒரே அளவு தொங்கினால் அப்படியே விடுங்கள். அது உண்மைக்கு நெருக்கமான தோற்றம். ஸ்டாண்டில் பறக்கும் மாடலில் பிளேடு தொங்கினால்தான் கண்ணை உறுத்தும்.

ஐந்தில் ஒன்று மட்டும் வேறு கோணத்தில் இருந்தால் அது கோளாறுதான். பெட்டியின் பிளாஸ்டிக் தட்டுக்குள் மாதக்கணக்கில் அழுந்தியோ, வெயில் படும் ஜன்னலோரம் இருந்தோ வளைந்திருக்கும். கையால் நேராக வளைக்காதீர்கள். அடிப்பகுதியில் வெள்ளைக் கோடு விழும், அடுத்த முறை அங்கேயே ஒடியும்.

செய்ய வேண்டியது இதுதான். ரோட்டரை உடலிலிருந்து நேர் மேலே இழுத்துக் கழற்றுங்கள். வராவிட்டால் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகியபடி இழுங்கள். நெம்ப வேண்டாம். ஒரு தட்டில் கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீர் எடுத்து, வளைந்த பிளேடை மட்டும் அரை நிமிடம் முக்குங்கள். வெளியே எடுத்துச் சமமான கண்ணாடி மேல் வைத்து விரலால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே தடவையில் முழுதும் சரியாகாது. மூன்று, நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் நிற்கும். உலோக உடலைத் தண்ணீருக்குள் விடவே கூடாது. இடுக்குகளில் புகும் நீர் வெளியே வராது, அது என்ன செய்யும் என்பதைக் கடைசிப் பகுதியில் பாருங்கள்.

பிளேடில் சிறு ஓட்டையோ நுனியில் சிதைவோ இருந்தால் மனம் உடைய வேண்டாம். கடற்படையின் 'இசட்ஏ 298' என்ற எண் கொண்ட சீ கிங், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஃபாக்லாந்து தீவுகளுக்காக மோதிய போரில், 1982 ஜூனில், அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் போர் விமானங்களிடம் சிக்கி, ரோட்டர் பிளேடில் குண்டு துளைத்த நிலையில் தரையிறங்கியது. பிளேடை மாற்றி மறுபடியும் பறந்தார்கள். அந்த ஹெலிகாப்டர் இப்போது இங்கிலாந்தின் யோவில்டனில் உள்ள ஃப்ளீட் ஏர் ஆர்ம் (கடற்படை விமானப் பிரிவு) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் பிளேடை மாற்றலாம். அதே அளவு, அதே ரகம் என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 1:72-இல் நுனிக்கு நுனி ஏறக்குறைய 26 செ.மீ. வர வேண்டும்.

ரோட்டர் நிற்காமல் கழன்று விழுகிறது

துளை தேய்ந்திருக்கும். பசை போடாதீர்கள். பிறகு பெட்டிக்குள் வைக்கவே முடியாது. தண்டில் டெஃப்லான் டேப்பை ஒரே சுற்று சுற்றிச் செருகுங்கள். சுழலும், விழாது. பிடிக்காவிட்டால் உரித்து எடுத்துவிடலாம்.

ரோட்டர் சரியாக இருந்தும் ஏதோ தப்பாகத் தெரிகிறது

முந்தைய சொந்தக்காரர் பிளேடுகளைத் தலைகீழாகச் செருகியிருக்கலாம். இரண்டாம் கை மாடல்களில் இது நிறைய. சீ கிங்கின் அடிப்படை வடிவம் அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழலும். பிளேடின் தடித்த, உருண்டையான விளிம்புதான் முன்னால் போவது. மூக்கு உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வைத்து மேலிருந்து பாருங்கள். வலது கைப்பக்கம் நீட்டியிருக்கும் பிளேடின் தடித்த விளிம்பு மூக்கை நோக்கி இருக்க வேண்டும். வாலை நோக்கி இருந்தால் கழற்றித் திருப்புங்கள்.

வால் ரோட்டர் ஒடிந்துவிட்டது

சீ கிங்கில் அடிக்கடி ஒடிவது இதுதான். வால் ரோட்டர் இடப்பக்கம், கிடைமட்ட வால் சிறகு வலப்பக்கம். இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டியிலிருந்து எடுக்கும் விரல் முதலில் அங்கேதான் படும். ஒடிந்த துண்டு இருந்தால், குண்டூசி முனையில் எபாக்சியைத் தொட்டு வைத்து, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டுவிடுங்கள். துண்டு தொலைந்திருந்தால், மாற்று வாங்கும் முன் பிளேடுகளை எண்ணுங்கள். நீர்மூழ்கி வேட்டைக்கான முதல் ரகமான எச்.ஏ.எஸ். 1-இல் வால் ரோட்டருக்கு ஐந்து பிளேடு. எச்.ஏ.எஸ். 2 முதல் ஆறு. இந்த ஒரு எண்ணிக்கையைப் பார்க்காமல் வாங்கிப் பொருத்திய மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வால் மடிப்புக்கு அருகே சுற்றிலும் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்து வெடிப்பு என்று பயப்படுபவர்களும் உண்டு. கப்பலின் ஹேங்கருக்குள் இடம் போதாது என்பதால் கடற்படை சீ கிங்கின் வாலும் ரோட்டரும் மடியும்படி செய்யப்பட்டவை. அந்த மடிப்புக் கோட்டைத்தான் வார்ப்பில் காட்டியிருக்கிறார்கள். கோடு நேராக, இருபுறமும் ஒரே மாதிரி ஓடினால் அது வடிவமைப்பு. கோணல்மாணலாக ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

பாகம் குறைகிறது

இங்கேதான் நிதானம் தேவை. நான் முதலில் வாங்கியது எச்.சி. 4 என்ற ரகத்தின் பச்சை நிற மாடல், இரண்டாம் கை. மற்ற சீ கிங் படங்களில் இருபுறமும் படகு போல மிதவைகள் இருந்தன, இதில் இல்லை. முதுகில் ரேடார் கூண்டும் இல்லை. பாகங்கள் தொலைந்துவிட்டன என்று முடிவுகட்டி, வேறொரு உடைந்த மாடலிலிருந்து கூண்டை எடுத்து எபாக்சியால் ஒட்டினேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ரகத்துக்கு இரண்டுமே கிடையாது என்று. கூண்டைப் பெயர்த்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. இன்றும் அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்.ஏ.எஸ். ரகங்கள் நீர்மூழ்கி வேட்டைக்கானவை. இருபுறமும் மிதவை உண்டு. சக்கரங்கள் அதற்குள்தான் மடங்கும். முதுகில் ரேடார் கூண்டு உண்டு. தொடக்க ரகங்களில் அது சிறியது, உருண்டையானது. எச்.ஏ.எஸ். 5-இல் பெரிதாகி, மேற்புறம் தட்டையானது. தட்டையாக இருக்கிறதே, நசுங்கிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். மீட்புப் பணிக்கான எச்.யு. 5 ரகம் அதே எச்.ஏ.எஸ். 5-இலிருந்து மாற்றப்பட்டது என்பதால், சிவப்பும் சாம்பலும் பூசிய அந்த மாடலிலும் தட்டைக் கூண்டு இருக்கும்.

எச்.சி. 4 கமாண்டோக்களை ஏற்றிச் செல்வது. கடற்படையில் 'ஜங்லி' என்று அழைத்தது இதைத்தான். சக்கரம் மடங்காது, மிதவை கிடையாது, கூண்டு கிடையாது.

விமானி அறைக்கு மேலே, எஞ்சின் காற்று வாய்களுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தட்டு நிற்கும். பனிக்கட்டியோ வேறு எதுவோ எஞ்சினுக்குள் போகாமல் தடுக்க. இதையும் சிலர் தவறாக ஒட்டிய துண்டு என்று பெயர்த்துவிடுகிறார்கள். தொடாதீர்கள்.

பிறகு, சில மாடல்களில் தொங்கும் பை. வலப்பக்கம் பெரிய பலூன் போல ஒன்று தொங்கினால் அது முன்னெச்சரிக்கை ரேடார் ரகம். ஃபாக்லாந்து போரில், 1982 மே 4 அன்று, ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் எக்சோசெட் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது, தாழ்வாக வரும் விமானத்தைத் தொலைவிலேயே கண்டறியும் கண் பிரிட்டிஷ் கப்பற்படைக்கு வானில் இல்லை. அதன் பிறகு அவசர அவசரமாக, சில வாரங்களில், இரண்டு சீ கிங்குகளில் சர்ச்வாட்டர் ரேடாரைப் பொருத்தினார்கள். போருக்குள் அவை போய்ச் சேரவில்லை. காற்றடைத்த அந்த உறை பறக்கும்போது கீழே இறங்கி நிற்கும், தரையிறங்கும் முன் பின்பக்கமாக மேலே மடங்கும். உங்கள் மாடலில் பை சுழலும்படி இருந்தால், சக்கரத்தில் நிறுத்தும்போது பின்னால் திருப்பி வையுங்கள். கீழே தொங்கவிட்டுச் சக்கரத்தில் வைக்க முயன்றுதான் பலரும் அதன் கீலைத் தளர்த்திவிடுகிறார்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கீல் இடுக்கில் வெள்ளைப் பசையை ஒரு துளி விட்டு, காயும் வரை பையை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். பசை உள்ளே மெல்லிய படலமாகக் காய்ந்து பிடிமானம் தரும், ஒட்டிக்கொள்ளாது.

கதவு விஷயமும் ஒன்று. பெரிய நகரும் கதவு வலப்பக்கம், அதற்கு மேல் ஆட்களைத் தூக்கும் வின்ச். இடப்பக்கம் முன்னால் சிறிய கதவு மட்டும்தான். இடப்பக்கத்தில் பெரிய கதவைத் தேட வேண்டாம்.

இந்தியக் கடற்படையும் 1971 முதல் சீ கிங்கைப் பயன்படுத்தியது. அந்தப் படங்களை வைத்து பிரிட்டிஷ் மாடலைச் சரிபார்க்காதீர்கள், ரகம் வேறு. உங்கள் மாடலின் வாலில் உள்ள எண்ணைப் படித்து, அதே எண் கொண்ட ஹெலிகாப்டரின் அதே ஆண்டுப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஆண்டு முக்கியம். ஒரே ஹெலிகாப்டர் பத்து வருடத்தில் ரகமே மாறியிருக்கும்.

வட்டச் சின்னத்தில் வெள்ளை இல்லை, எழுத்து மங்கல்

அச்சுப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. 1982 போரின்போது எதிரி கண்ணில் படாமல் இருக்க, வட்டச் சின்னத்தின் வெள்ளை வளையத்தை மறைத்தார்கள், எழுத்துகளையும் மங்கலாக்கினார்கள். ஃபாக்லாந்து மாடலில் சிவப்பும் நீலமும் மட்டும் இருந்தால் தயாரித்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எழுத்து உரிந்து வந்தால் மட்டும் அது உண்மையான தேய்மானம். இந்த அச்சு மிக மெல்லிய மை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் பட்டால் போய்விடும். ஈரத் துணியும் வேண்டாம், உலர்ந்த தூரிகை போதும். மாடலைத் தூக்கும்போது வயிற்றுப் பக்கம் பிடியுங்கள். விரல் வியர்வைதான் எழுத்துக்கு முதல் எதிரி.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சீ கிங்குக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம், பின்னால் ஒன்று. ஐந்தில் எது தரையைத் தொடவில்லை என்று ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கண்டுபிடியுங்கள். கால் பிளாஸ்டிக் என்றால் வெந்நீரில் நனைத்த பஞ்சை அதன் மேல் மட்டும் ஒத்திச் சூடாக்கித் திருத்தலாம். உலோகம் என்றால் வளைக்கவே வளைக்காதீர்கள். துத்தநாக வார்ப்பு இரும்புக் கம்பி போல வளையாது, பட்டென்று முறியும். முறிந்துவிட்டால் அரை மில்லிமீட்டர் துளை இருபுறமும் போட்டு, பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி எபாக்சி வைத்தால்தான் இவ்வளவு எடையையும் தாங்கும். வெறும் பசை தாங்காது.

காக்பிட் கண்ணாடி வெண்மையாகிவிட்டது

தூரிகையால் தட்டிப் பாருங்கள். போனால் தூசி. போகாமல் பனி படர்ந்த மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் சூப்பர் க்ளூவின் ஆவி. அந்தப் பசை உலரும்போது வெளிவரும் ஆவி, தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். கண்ணாடியிலேயே பசை பட வேண்டும் என்பதில்லை. மூக்குக்கு அருகில் ஓர் ஆண்டெனாவை ஒட்டிவிட்டு உடனே மூடிய ஷோகேஸுக்குள் வைத்தாலே போதும், காலையில் விமானி முகம் தெரியாது.

வெளிப்புறப் படிவு என்றால் கார் பாலிஷை இயர் பட்ஸில் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் வரும். சட்டங்களின் பெயின்ட்டை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். உட்புறப் படிவு என்றால் கண்ணாடியைக் கழற்றினால்தான் முடியும். பெரும்பாலான மாடல்களில் அது உள்ளிருந்து ஒட்டப்பட்டிருக்கும், கழற்றினால் திரும்பப் பொருந்தாது. என் கருத்து: விட்டுவிடுங்கள். இனி கண்ணாடிக்கு அருகில் வெள்ளைப் பசை மட்டும். அது காய்ந்தால் தெளிவாகிவிடும், தண்ணீரில் துடைத்தால் போய்விடும்.

தொட்டால் பிசுபிசுக்கிறது

மென்மையான டயர், நுரைத்தாள், பழைய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றில் உள்ள மென்மையாக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து, அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெயின்ட்டையோ பிளாஸ்டிக் மேடையையோ இளக்கும். டயர் மேடையில் உருகி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துப் பிரிக்காமல் நூலை இடையில் விட்டு அறுப்பது போல நகர்த்திப் பிரியுங்கள். பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு துளி கலந்த நீரில் பட்ஸை நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்துங்கள். அப்புறம் டயருக்குக் கீழே பட்டர் பேப்பர் துண்டு ஒன்று. நுரைத்தாள் பொடிந்து உதிரத் தொடங்கியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் கொப்புளம், வெள்ளைப் பொடி, வெடிப்பு

மூன்றும் ஒன்றல்ல.

ஒரு கொப்புளம், அதுவும் திருகாணிக்கோ இணைப்புக்கோ அருகில் என்றால், உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. குத்தி உடைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வைத்துப் பெரிதாகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அங்கேயே நிற்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஷோகேஸுக்குள் சிலிக்கா ஜெல் எப்போதும் இருக்க வேண்டும். நிறம் மாறியதும் புதியதை மாற்றி வையுங்கள்.

பெயின்ட் போன இடத்தில் வெள்ளைப் பொடி என்றால் துத்தநாகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டான படிவு. உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மேட் வார்னிஷ் ஒரு பொட்டு வையுங்கள். அதோடு நிற்கும்.

வெடிப்புதான் கடினமானது. மெல்லிய கோடுகள் வலை போலப் பரவி, உலோகமே ஊதி வளைந்து, கதவுகள் பொருந்தாமல் போனால், அது வார்ப்புக் கலவைக்குள்ளேயே இருக்கும் நோய். இந்தக் கலவையில் துத்தநாகத்தோடு நான்கு சதவீதம் போல அலுமினியம் இருக்கும். ஈயமோ வெள்ளீயமோ காட்மியமோ சிறிதளவு கலந்துவிட்டால், ஆண்டுகள் போகப் போக உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி உள்ளிருந்தே நொறுங்கும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மைகள் பல இப்படித்தான் போயின. இப்போதைய தயாரிப்புகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இதற்கு மருந்து கிடையாது. எபாக்சியை நிரப்பினால் அடுத்த வெடிப்பு அதன் பக்கத்தில் வரும். பக்கத்து மாடலுக்குத் தொற்றுமோ என்று கேட்பார்கள், தொற்றாது. அது அந்த வார்ப்போடு மட்டும் முடியும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் மெதுவாகும், நிற்காது. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துவிட்டு, உடல் இன்னும் முழுதாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள்: ரோட்டர், வால் ரோட்டர், வின்ச், ஆண்டெனா, சக்கரங்கள். ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலத்தில் போட்டு, மேலே ரகத்தின் பெயரையும் பிளேடு எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். ஆறு பிளேடு வால் ரோட்டர் ஒன்றுக்காக யாரோ ஒருவர் எங்கேயோ தேடிக்கொண்டுதான் இருப்பார்.